தெமெங்கோர் ஏரிக்கு மூட்டை கட்டிய கதை

தெலுக் இந்தானுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சாய்ந்த மணிக்கூண்டைத்தான். 1885-ஆம் ஆண்டு கட்டப்பட்ட அந்தக் கூண்டைப் படம் பிடித்துக்கொண்டு, கச்சாங் பூத்தே நாலு பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் பேராக் நதி இருக்கிறது. அக்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்கு அகலமாக, தேத்தண்ணீர் நிறத்தில், அவசரமே இல்லாமல் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

அந்தக் கரையில் மாலை நேரத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் கிழவர்களில் ஒருவர் என் அப்பா. நாற்பது வருடம் தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை போட்டார்கள். பிறகு லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நாங்களும் பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தோம். தோட்டத்து வாய்க்காலில் மண்புழு கோத்துக் கெளுத்தியும் பனையேறிக் கெண்டையும் பிடித்த கை சும்மா இருக்குமா? அப்பா ஆற்றங்கரையைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

ஒருநாள் அவரை அழைத்துவரப் போனபோது கேட்டார்:

"தம்பி, இந்தத் தண்ணியெல்லாம் எங்கேயிருந்துடா வருது?"

"தெமெங்கோர் பக்கத்திலிருந்துப்பா. தாய்லாந்து எல்லையோரக் காடு" என்றேன்.

"அங்கே மீன் இருக்குமா?"

அந்த ஒரு கேள்விதான் எங்கள் பயணத்துக்குப் பிள்ளையார் சுழி.

வானத்தில் வந்து இறங்கும் மீன்பிடிக்காரர்கள்

வாசகர்களே, வடக்கே கனடா நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாலையே போகாத ஏரிகள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மீன் பிடிக்கப் போகிறவர்கள், சக்கரத்துக்குப் பதில் மிதவை கட்டிய சிறு விமானத்தில் ஏறுகிறார்கள். விமானம் ஏரித் தண்ணீரிலேயே இறங்கி, கரையிலுள்ள மரக்குடிலில் அவர்களை விட்டுவிட்டுப் பறந்துபோகும். சொன்ன தேதியில்தான் திரும்பி வரும். ஆகவே மூட்டைகளைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். உப்பு மறந்துவிட்டால் உப்பில்லாமல்தான் சாப்பாடு.

நம் நாட்டிலும் சரவாக் மாநிலத்தில், மீரியிலிருந்து பாரியோ மலைநாட்டுக்குச் சின்ன விமானம் போகிறது. அதிலும் மூட்டைக்குத் தராசு உண்டு.

நமக்கு விமானம் எதற்கு? தெமெங்கோருக்குப் படகே போதும். ஆனால் நிலைமை ஒன்றுதான். பண்டிங் படகுத்துறையை விட்டுப் படகு கிளம்பிய பிறகு கடை இல்லை, கிளினிக் இல்லை, பெரும்பாலான இடங்களில் கைப்பேசிக்கும் தொடர்பு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு மூட்டை கட்ட வேண்டும். நாங்கள் முதல் தடவை தெரியாமல் கட்டினோம். அதனால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பயணம்

ஆறு பேர் கிளம்பினோம். அப்பா, நான், மச்சான், என் பையன்கள் இருவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன். இரண்டு இரவு, மூன்று பகல். ஏரியில் நிறுத்திவைக்கும் மிதக்கும் வீடு ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தோம்.

மூட்டை கட்டும் வேலையை மச்சான் எடுத்துக்கொண்டார். தூண்டில் விஷயத்தில் அவரிடம் குறை சொல்ல முடியாது. நாலு தூண்டில், மூன்று அளவுத் தங்கூசி, ஒரு பெட்டி நிறைய முள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் பெரிய சாக்கில் போட்டு, ஐஸ் பெட்டியோடு சேர்த்துக் கட்டினார். அப்பாவின் துணிப்பையும் அந்தச் சாக்குக்குள்ளேயே போயிற்று. "ஒரே மூட்டையா இருந்தா தூக்குறது சுலபம் மச்சான்" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது.

அப்பாவுக்கு இனிப்பு நீர் உண்டு. பதினைந்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். கிரிக் பட்டணத்தில் பகல் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வாங்கினோம். படகுத்துறைக்குப் போய் நிதானமாகச் சாப்பிடலாம் என்று எண்ணம். அப்பா வழக்கப்படி நேரம் தவறாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

படகுத்துறையில் ஒரே கூட்டம். எங்கள் சாமான்களை ஒரு படகில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டார்கள். பொட்டலச் சோறும் அதோடு போய்விட்டது. எங்களுக்கான படகு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. "அங்கே போய்ச் சாப்பிடலாம்" என்று ஏறி உட்கார்ந்தோம்.

பாதி ஏரி தாண்டியிருப்போம். அப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. காற்று ஜில்லென்று அடிக்கும்போது வியர்வை ஏது என்று திரும்பிப் பார்த்தேன். கை நடுங்கியது. "என்னப்பா?" என்றால், யாரையோ திட்டுவதுபோல் ஏதோ சொன்னார். வார்த்தை குழறியது. என் பெரிய பையனைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன என் சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மாத்திரை வேலை செய்துவிட்டது, சோறு உள்ளே போகவில்லை. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கையில் என்ன இருக்கிறது? சர்க்கரை, பிஸ்கட், மைலோ எல்லாம் சாக்கில். சாக்கு, கண்ணுக்கெட்டாத தூரத்தில் முன்னால் போகும் படகில். ஆறு பேர் சட்டைப் பையையும் தடவிப் பார்த்தோம். ஒரு மிட்டாய் இல்லை.

படகோட்டிதான் காப்பாற்றினார். அவர் பக்கத்தில் ஓர் ஆணியில், பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி ஓ தொங்கிக்கொண்டிருந்தது. பாதி குடித்திருந்தார். என்ன ஏது என்று கேட்காமல், இஞ்சினை நிறுத்திவிட்டு அதை நீட்டினார். சீனி தூக்கலாகப் போட்ட கோப்பி. அப்பாவுக்கு விழுங்கும் நினைவு இருந்ததால் உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு அப்பா என்னைப் பார்த்து, "ஏன்டா படகு நிக்குது?" என்று தெளிவாகக் கேட்டார். என் சின்னப் பையன் அப்போதுதான் அழ ஆரம்பித்தான்.

படகைத் திருப்பினோம். கிரிக் மருத்துவமனையில் அப்பாவைப் படுக்க வைத்துக் கவனித்தார்கள். இந்த வகை மாத்திரைகள் பல மணி நேரம் வேலை செய்யும், சர்க்கரை ஏறினாலும் மறுபடி இறங்கலாம், ஆகவே உடனே அனுப்ப மாட்டோம் என்றார் டாக்டர். மறுநாள் வீடு திரும்பினோம். தூண்டில்கள் உறையை விட்டு வெளியே வரவே இல்லை.

அப்பா யாரையும் கடிந்துகொள்ளவில்லை. வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அது எனக்குத் திட்டு வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மனைவி கட்டிய மூட்டை

அடுத்த வருடம் அப்பாவே கேட்டார். "என்னைக் கூட்டிக்கிட்டுப் போவியா, இல்லே பயமா இருக்கா?"

இந்தத் தடவை மூட்டை என் மனைவியின் பொறுப்பு. பயணத்துக்கு வராதவர் அவர் ஒருவர்தான். ஆனால் சரியாக யோசித்தவரும் அவர்தான். அவர் மச்சானிடம், அதாவது தன் தம்பியிடம், கேட்ட முதல் கேள்வி இது: "படகுல ஏறி முதல் மணி நேரத்துல என்ன தேவைப்படும்? அதைச் சொல்லு. அதைக் கையில வை."

பிறகு எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தார். உடம்போடு இருக்க வேண்டியது, கைக்கு எட்ட வேண்டியது, இறங்கிய பிறகு பிரிக்க வேண்டியது.

உடம்போடு இருப்பது ஆளுக்கொரு சின்னத் தோள்பை. அவரவர் அடையாள அட்டை, மருந்து, ஒரு போத்தல் தண்ணீர், விசில், மிட்டாய் நாலைந்து. அப்பாவின் பையில் இதோடு குளுக்கோஸ் பொட்டலம், பிஸ்கட், மாத்திரைகள், என்ன மருந்து எத்தனை வேளை என்று எழுதிய அட்டை. அதே மருந்தில் இன்னொரு பங்கு என் பையில். ஒரு பை தண்ணீரில் விழுந்தாலும் மற்றது இருக்கும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் டாக்டரிடமும் சொல்லிவைத்தோம். உணவு கையில் இருந்தால்தான் மாத்திரை என்பது அவர் சொன்ன விதி.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இன்சுலினை ஐஸ் கட்டிமேல் நேராக வைக்கக்கூடாது. உறைந்துபோனால் பிறகு அது பயன்படாது. துணியில் சுற்றி, ஐஸ் படாத இடத்தில், வெயிலும் படாமல் வைக்க வேண்டும். உங்கள் மருந்து எத்தனை நாள் வெளியில் தாங்கும் என்பதை மருந்து கொடுப்பவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று. சர்க்கரை இறங்கியவர் நினைவிழந்து கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே மருத்துவ உதவிக்கு ஓட வேண்டும்.

கைக்கு எட்டும் மூட்டையில் அன்றைய பகல் சாப்பாடு, மழைச் சட்டை, கைவிளக்கு, காயத்துக்கு மருந்து, கட்டுத்துணி. ஏரியில் பிற்பகல் மழை சொல்லாமல் வரும். துணிமணி எல்லாவற்றையும் தடித்த குப்பைப் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, அதன்பிறகே பெட்டியில் வைத்தோம். விலை உயர்ந்த நீர்புகாப் பை வாங்கத் தேவையில்லை.

மூன்றாவது மூட்டைதான் பெரியது. அதற்கும் கணக்கு உண்டு. தோட்டத்தில் அரிசி அளந்த அதே பால் டின் கணக்கு. ஒரு டின் அரிசி மூன்று பேருக்கு ஒரு வேளை. ஆறு பேருக்கு வேளைக்கு இரண்டு டின். நாலு வேளைச் சோற்றுக்கு எட்டு டின், தப்பித்தவறி ஒரு வேளை அதிகம் தங்கினால் இன்னும் இரண்டு டின். ஆக மொத்தம் ஏறக்குறைய 3 கிலோ. குடிதண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 2 லிட்டர் வீதம் 36 லிட்டர். இதில் எட்டுப் போத்தலை முதல் நாளே உறைய வைத்து ஐஸ் பெட்டியில் அடுக்கினார் மனைவி. கோழியும் கெடாது, உருகினால் குடிக்கவும் ஆகும். ஐஸ் துண்டுகளை வாங்கிப் போட்டால் பெட்டி அடியில் மீன்வாடைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

"மீன் கிடைக்கும்னு நம்பிக் குழம்புச் சாமான் மட்டும் கொண்டு போகாதீங்க" என்று சொல்லி, நெத்திலி சம்பல் ஒரு போத்தல், கருவாடு, மாசிப் பருப்பு, முட்டை இருபது என்று சேர்த்தார். முட்டைகளை அரிசிக்குள் புதைத்து வைத்தார். ஒன்றுகூட உடையவில்லை. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, புளி எல்லாம் வேளைக்கு ஒரு சின்னப் பொட்டலமாகப் பிரித்துக் கட்டினார். நெருப்புப்பெட்டியும் லைட்டரும் இரண்டு வேறு மூட்டைகளில்.

பழைய தோட்டத்துச் சாமான்கள்

இதில் ஒரு வேடிக்கை. காட்டுப் பயணத்துக்கு என்னென்ன தேவை என்று கடையில் கேட்டால் நூற்றுக்கணக்கான வெள்ளிக்குக் கணக்குச் சொல்வார்கள். ஆனால் பால் வெட்டுக்காரர் வீட்டில் பாதிச் சாமான் ஏற்கெனவே உண்டு.

விடியுமுன் மரத்துக்குப் போக நெற்றியில் கட்டிய தலைவிளக்கு. இரவில் மீன் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே, அதற்கு இதைவிட வேறென்ன? கறுப்பு ரப்பர் சப்பாத்து. இன்று அதை 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியாகச் சொல்கிறார்கள். ஆனால் காட்டு வழிகாட்டிகள் விரும்பி அணிவதும் அதையேதான். நனைந்தால் சட்டென்று காயும், வழுக்காது, விலையும் குறைவு. நீளக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் அட்டை ஏறுவது குறையும். கொசுவர்த்தியைத் தகர டப்பாவில் வைத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வது அப்பாவின் பழைய பழக்கம். காட்டுப் பகுதிகளில் குரங்கு மலேரியா என்னும் நோய் கொசுவழியே பரவுகிறது என்பதால் இந்தப் பழக்கத்தைக் கேலி செய்யவேண்டாம்.

தூண்டில் மட்டும் வேறு. அங்கே பேர் பெற்ற மீன் தோமான். நம் விரால் இனத்தின் பெரியண்ணன். பத்துக் கிலோவுக்கு மேலும் வளரும். பல்லால் தங்கூசியை அறுத்துவிடும். ஆகவே முள்ளுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய இரும்புக் கம்பி கட்ட வேண்டும். ரப்பர் தவளை, பளபளக்கும் தகட்டு முள் ஆகியவை அதற்கு இரை. செபாராவ் என்னும் மீன் ஓடும் தண்ணீரில் பாய்ந்து அடிக்கும். பாவுங் என்பது கெளுத்தி வகை. இரவில் அடியில் மேயும், மண்புழுவே போதும். முள்ளைக் கழற்ற ஒரு நீள மூக்குக் குறடு கட்டாயம். தூண்டில் கழிகளை ஒரு பி.வி.சி. குழாய்க்குள் போட்டு இருபுறமும் அடைத்தால் வண்டியிலும் படகிலும் நுனி முறியாது.

இத்தனைக்கும் மேல், ஆளுக்கொரு மிதவைச் சட்டை. அது படகிலேயே இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். முன்கூட்டியே கேட்டு, எத்தனை பேர், பிள்ளைகளுக்குச் சின்ன அளவு உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்கி மடியில் வைத்துக்கொள்ளாமல் போட்டுக்கொள்ளுங்கள். நீந்தத் தெரிந்தவரும் போடவேண்டும்.

நதியை எதிர்த்துப் போகும் சாலை

தெலுக் இந்தானிலிருந்து ஈப்போ, கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழியாகப் பண்டிங் வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்பினால் பகலுக்குள் போய்விடலாம்.

இந்தச் சாலைப் பயணம் முழுவதும் நம் ஊர் நதியைத் தலைகீழாகப் படிப்பது போன்றது. சுமார் 400 கிலோமீட்டர் ஓடும் பேராக் நதி, தீபகற்பத்தில் பகாங் நதிக்கு அடுத்த நீளமான நதி. அதன் குறுக்கே நாலு அணைகள். முதலில் கட்டியது கோலகங்சாருக்கு மேலே உள்ள செண்டெரோ அணை, 1930-இல். பிறகு மேல்நோக்கிக் கெனெரிங், பெர்சியா, எல்லாவற்றுக்கும் மேலே தெமெங்கோர். நடுவில் லெங்கோங் பள்ளத்தாக்கு. 1991-இல் அங்கே ஒரு குகையில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதனின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. 2012-இல் அந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தார்கள். "பத்தாயிரம் வருஷமா? அவனும் இந்த ஆத்துலதான் மீன் புடிச்சிருப்பான்" என்றார் அப்பா.

கிரிக்கைத் தாண்டினால் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 1982-இல் திறந்த சாலை. ஆயுதப் போராட்டக் காலத்தில் இரவில் வாகனம் போகத் தடை இருந்தது. இப்போது யானை கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகள்தான். அதற்காகவே இருட்டும் முன் போய்ச் சேருவது நல்லது.

கிரிக்கில் இந்த முறை கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா சோற்றில் கை வைத்த பிறகே மாத்திரையை வாயில் போட்டார். போட்டுவிட்டு எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார்.

தண்ணீருக்கு மேலே மூன்று நாள்

தெமெங்கோர் ஏரி தீபகற்பத்தில் கெஞ்ஞீருக்கு அடுத்த பெரிய ஏரி. 1970-களின் இறுதியில் அணை கட்டி முடித்தபோது பள்ளத்தாக்கு முழுகியது. மலை உச்சிகள் தீவுகளாயின. அன்று முழுகிய மரங்கள் பல இடங்களில் இன்னும் பட்டுப்போய்த் தண்ணீருக்குள் நிற்கின்றன. அவற்றில் மோதினால் படகு என்னாகும் என்று படகோட்டி சொல்லக் கேட்டபோது, சென்ற வருடம் அப்பாவுக்கு அந்த மயக்கம் இரவில் வந்திருந்தால் என்ற எண்ணம் வந்து, சாப்பாட்டுப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அதே படகோட்டிதான். அப்பாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "பாக்சிக், இன்னிக்குக் கோப்பி வேணுமா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். அப்பா தன் தோள்பையைத் திறந்து குளுக்கோஸ் பொட்டலத்தைக் காட்டினார். பிறகு அவருக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டின்னைக் கொடுத்தார்.

ஏரியின் வடபகுதி 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவித்த ரோயல் பெலும். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பழங்காடு. அங்கே போக முன் அனுமதி வேண்டும். பெயரும் அடையாள அட்டை எண்ணும் முன்னதாகப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டால் ஏற்பாடு செய்வார். ருவோக் ஆற்றில் கெலா மீன்களைப் பாதுகாக்கிறார்கள். அங்கே தூண்டில் போடக்கூடாது, தீனி மட்டும் போடலாம். இடுப்பளவுத் தெளிந்த தண்ணீரில் பெரிய பெரிய மீன்கள் காலைச் சுற்றி வந்தன. "புடிக்கக்கூடாத மீனைக் காட்டத்தான் இவ்ளோ தூரம் கூட்டி வந்தியா?" என்று அப்பா கேட்டாலும், தீனிப் பொட்டலம் தீரும்வரை தண்ணீரைவிட்டு ஏறவில்லை.

மிதக்கும் வீட்டில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. அப்படி ஓர் இருட்டைத் தோட்டத்தை விட்ட பிறகு நான் பார்க்கவில்லை. அப்பா தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, ஓரத்தில் உட்கார்ந்து மண்புழு கோத்தார். மச்சானின் விலையுயர்ந்த தூண்டில்கள் சும்மா இருக்க, அப்பாவின் கைத்தூண்டிலில் மூன்று பாவுங் விழுந்தன. மறுநாள் காலை புளிக்குழம்பு. பொட்டலம் பொட்டலமாகக் கட்டிய மசாலாவை அப்படியே கொட்டினோம். அளவு பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் விடியலில் பட்டுப்போன மரங்களுக்கு நடுவே தண்ணீர் சிவந்து கொதிப்பதுபோல் ஓரிடத்தில் குமிழியிட்டது. தோமான் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் கூட்டமாக மூச்சு வாங்க மேலே வருகின்றன. அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். ரப்பர் தவளையை அங்கே வீசினால் குஞ்சைக் காக்கப் பெரிய மீன் பாய்ந்து கடிக்கும். மச்சான் தூண்டிலை ஓங்கிவிட்டார்.

"வேணாம் மாப்ளே. குஞ்சோட இருக்கு" என்றார் அப்பா.

பெரிய மீனைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். மச்சான் தூண்டிலை மடக்கிவிட்டு, அன்று முழுவதும் வேறிடத்தில் வீசி, மாலையில் நாலு கிலோ தோமான் ஒன்றைப் பிடித்தார். படம் எடுத்துக்கொண்டு அவரே அதைத் தண்ணீரில் விட்டார்.

தலைக்கு மேல் இருவாச்சிப் பறவைகள் ஜோடி ஜோடியாகப் பறந்தன. அவற்றின் இறக்கைச் சத்தம் தூரத்து ரயில்போலக் கேட்கும். நம் நாட்டிலுள்ள பத்து வகை இருவாச்சிகளும் இந்தக் காட்டில் இருக்கின்றன.

திரும்பும்போது

போகும்போது கட்டிய கணக்கு வரும்போதும் உண்டு. குப்பை அத்தனையும் ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்தோம். அரிசி இரண்டு டின் மிச்சம். மருந்து சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி பட்டியலை எடுத்து, பயன்படாததை அடித்து, மறந்ததை எழுதினார். மறந்தது ஒன்றுதான். அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு. கண்ணாடி ஏரிக்குள் போய்விட்டது.

புறப்படுமுன் படகுத்துறையில் அப்பா குனிந்து ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளினார். பச்சையாக, கண்ணாடிபோல் இருந்தது. நம் ஊர்த் தேத்தண்ணீர் நிறம் அதில் கொஞ்சமும் இல்லை.

"இது நம்ம ஊருக்கு வந்து சேர எத்தனை நாளாகும் தம்பி?"

"நாலு அணை தாண்டணுமே. நாம் சாயங்காலமே வீட்டுக்குப் போயிடுவோம்பா. இது மெதுவாத்தான் வரும்."

"சரி, போய்க் காத்துக்கிட்டிருப்போம்" என்று கையை உதறிவிட்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் மாலை அவரைக் காணவில்லை என்று தேடிப்போனேன். ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்னத் தோள்பை அவர் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.